முத்திரை மேல் முத்திரை!

கம்பெனிப் பத்திரம் கடல் கடக்க என்னென்ன வேண்டும்? நோட்டரி மேசையிலிருந்து அப்போஸ்டில் வரை

சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறிவிட்டது. பணமும் வங்கி வழியாக ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. இனி துபாயிலேயே ஒரு கிளை போட்டுவிடலாம் என்று திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருக்கும் கன்சல்டன்டிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வரும். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், எம்.ஓ.ஏ., ஏ.ஓ.ஏ. (கம்பெனியின் நோக்கங்களும் உள்விதிகளும் அடங்கிய பத்திரங்கள்), கிளை திறக்க அனுமதிக்கும் போர்டு ரெசல்யூஷன், மேலாளர் பெயரில் ஒரு பவர் (பவர் ஆஃப் அட்டர்னி). கடைசி வரியில் 'எல்லாம் ஃபுல் அட்டெஸ்டேஷனோடு வேண்டும்' என்று இருக்கும்.

பல கம்பெனிகளுக்கு வாரக்கணக்கில் நாட்கள் கரைவது அந்தக் கடைசி வரியில்தான். நோட்டரி போட்டாயிற்று என்று அனுப்பினால் சேம்பர் முத்திரை இல்லை என்று திரும்புகிறது. சேம்பரும் ஆயிற்று என்றால் தூதரக முத்திரை எங்கே என்கிறார்கள். எல்லாம் முடிந்தபிறகு, 'டைரக்டர் பாஸ்போர்ட்டில் பெயர் வேறு மாதிரி இருக்கிறதே' என்று ஒரு கேள்வி வருகிறது. மறுபடியும் முதலிலிருந்து.

இத்தனை முத்திரைகளும் என்ன சொல்கின்றன? உண்மையில் ஒவ்வொன்றும் சொல்வது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் என்னவென்று தெரிந்தவருக்கு வேலை வரிசையாக முடிகிறது. தெரியாதவர் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

பாரிமுனையில் தொடங்கும் பயணம்

சென்னையில் இந்த வேலை பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தைச் சுற்றித்தான் தொடங்கும். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருவின் மாடிப்படிகளில் 'அட்வகேட் அண்டு நோட்டரி' பலகைகள் வரிசையாகத் தொங்கும். கீழே ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், முத்திரைத்தாள் விற்பவர். மேலே நோட்டரியின் மேசையில் ஒரு வட்ட முத்திரை, நோட்டரி ஸ்டாம்புகள், சிவப்பு நிற வட்ட ஒட்டி, தடித்த பதிவேடு.

அந்த வட்ட முத்திரைக்கும் சட்டம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின்படி அதன் விட்டம் 5 சென்டிமீட்டர். நோட்டரியின் பெயர், அவர் எந்தப் பகுதிக்கு நியமிக்கப்பட்டவர், எந்த அரசு நியமித்தது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். மத்திய அரசும் நோட்டரியை நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். தொழில் நடத்தும் சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். வழக்கறிஞராகப் பொதுவாக 10 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் ஆகியோருக்கு 7 ஆண்டுகள் போதும்.

முத்திரையைவிட முக்கியமானது பக்கத்தில் இருக்கும் பதிவேடு. எந்தத் தேதியில், யார் வந்து, எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டார் என்பது வரிசை எண்ணோடு அதில் ஏற வேண்டும். பிற்பாடு எந்த நாட்டு நீதிமன்றத்திலாவது 'இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை' என்று யாராவது சொன்னால், கடைசியில் பதில் சொல்லப்போவது அந்தப் பதிவேட்டின் ஒரு வரிதான்.

சுதந்திர இந்தியா தனக்கென்று நோட்டரிச் சட்டம் இயற்றியது 1952-இல். அதற்கு முன் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இங்கே நியமிக்கப்பட்ட நோட்டரிகளுக்கு அதிகாரம் மிகக் குறைவு. முழு அளவிலான நோட்டரி ஆக வேண்டுமென்றால், இங்கிலாந்தில் 'மாஸ்டர் ஆஃப் ஃபேகல்டீஸ்' என்ற பழைய தேவாலய நீதிமன்றப் பதவியில் இருப்பவரிடமிருந்து நியமனம் வர வேண்டியிருந்தது. சுதந்திர நாட்டுக்கு இது பொருந்தாது என்பதே புதிய சட்டத்துக்கான காரணங்களில் ஒன்று. அந்தச் சட்டம் 1956 பிப்ரவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது.

நோட்டரி இரண்டு வேலை செய்கிறார்

'சும்மா ஒரு நோட்டரி போட்டு அனுப்புங்க' என்று சொல்பவர்கள் கவனிக்காத இடம் இது. நோட்டரி கம்பெனிப் பத்திரங்களில் பொதுவாகச் செய்வது இரண்டு வேறு வேறு காரியங்கள்.

ஒன்று, நகல் சரிபார்ப்பு. பதிவுச் சான்றிதழின் அசலைப் பார்த்து, 'இது அசலோடு ஒத்துப்போகும் உண்மை நகல்' என்று எழுதி முத்திரையிடுவது. இரண்டு, கையெழுத்துச் சான்று. பவர் எழுதிக் கொடுக்கும் டைரக்டர் நேரில் வந்து, அடையாளம் காட்டி, தன் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று சொல்வது.

பவருக்கு 'உண்மை நகல்' முத்திரை போட்டு அனுப்பினால் வெளிநாட்டில் பயனில்லை. அங்கே கேட்பது, கையெழுத்திட்டவர் யார், நேரில் வந்தாரா என்பதை. டைரக்டர் அலுவலகத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆபீஸ் பையனிடம் கொடுத்தனுப்பி 'நோட்டரி வாங்கிட்டு வா' என்று சொல்லும் பழக்கம் நம்மூரில் சகஜம். உள்ளூரில் யாரும் கேட்காத வரை அது ஓடும். கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒப்பந்தத்தில் வழக்கு வந்தால், அன்றைய தேதியில் அந்த டைரக்டர் வெளியூரில் இருந்தார் என்பதை எதிர்த்தரப்பு விமான டிக்கெட்டோடு நிரூபிக்கும். பவர் செல்லாமல் போகலாம். நோட்டரியின் உரிமமும் ஆட்டம் காணும்.

டிஜிட்டல் கையெழுத்து போதாதா என்று இளைய தலைமுறை டைரக்டர்கள் கேட்பது நியாயம்தான். கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்பும் படிவங்களுக்கு அதுவே கட்டாயம். ஆனால் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை, பவர் ஆஃப் அட்டர்னியை மின்னணு ஆவணப் பட்டியலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 2022-இல் வந்த திருத்தம் ரிசர்வ் வங்கி போன்ற நிதித்துறை அமைப்புகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் சற்றே வழி திறந்தது. பனியன் கம்பெனிக்கும் பம்ப்செட் கம்பெனிக்கும் இன்னமும் பேனா மைதான்.

கைக்குக் கை சிபாரிசு

நோட்டரிக்குப் பிறகு வரிசை இப்படிப் போகும்: வணிக சபை, அதாவது சேம்பர். அதன்பின் மத்திய வெளியுறவு அமைச்சகம். போகும் நாட்டைப் பொறுத்து, அங்கேயே முடியும் அல்லது அந்த நாட்டுத் தூதரகத்துக்கு நகரும்.

ஊர்ப்பக்கம் சிபாரிசு கேட்டுப் போவதைப் போன்றதுதான் இது. கலெக்டருக்கு நம்மைத் தெரியாது; தாசில்தாரைத் தெரியும். தாசில்தாருக்கு நம்மைத் தெரியாது, வி.ஏ.ஓ.வைத் தெரியும். துபாய் அதிகாரிக்கு லிங்கிச் செட்டித் தெரு நோட்டரியின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரிய வழியில்லை. அதனால் ஒவ்வொருவரும் தனக்கு முந்தியவரின் கையெழுத்தை மட்டும் 'இது சரிதான்' என்கிறார். கம்பெனி லாபத்தில் ஓடுகிறதா, ரெசல்யூஷனில் எழுதியது உண்மையா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லிச் சட்டமும் இல்லை.

வணிகப் பத்திரங்கள் சேம்பர் வழியாக வர வேண்டும் என்பது வெளியுறவு அமைச்சகத்தின் ஏற்பாடு. பிறப்புச் சான்றிதழ் என்றால் மாநில அரசு, டிகிரி என்றால் கல்வித்துறை, கம்பெனிப் பேப்பர் என்றால் சேம்பர். தமிழ்நாட்டுக்கு இதில் பழைய பரிச்சயம் உண்டு. மெட்ராஸ் சேம்பர் 1836-இல் தொடங்கியது. தென்னிந்திய வணிக சபை 1909, மதுரையின் தமிழ்நாடு வணிக சபை 1924, கோவையின் இந்திய வணிக சபை 1929. சேம்பர்கள் பொதுவாகக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்துதாரரின் மாதிரிக் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஓடும்போதுதான் இந்தப் பதிவே செய்யவில்லை என்பது பலருக்கு நினைவுக்கு வரும்.

வெளியுறவு அமைச்சகம் டெல்லியில் இருந்தாலும் இதற்காக டெல்லி போக வேண்டியதில்லை. 2019 முதல் சென்னை உட்படப் பல நகரங்களில் உள்ள அமைச்சகக் கிளைகளிலும் பாஸ்போர்ட் அலுவலகங்களிலும் இந்த வேலை நடக்கிறது. கவுன்டரில் நேரே நீட்ட முடியாது. அமைச்சகம் அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியாகக் கொடுத்து வாங்க வேண்டும்.

9 சென்டிமீட்டர் சதுரம்

வெளியுறவு அமைச்சகம் பத்திரத்தின் பின்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கருக்குப் பெயர் அப்போஸ்டில். 1961 அக்டோபர் 5-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின் குழந்தை அது. தூதரகம் தூதரகமாக அலையும் வேலையை ஒழிப்பதே அதன் நோக்கம். இந்தியா 2004-இல் சேர்ந்தது. 2005 ஜூலை 14 முதல் நமக்கு நடைமுறையில் இருக்கிறது. இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன.

ஸ்டிக்கரின் அளவையும் உடன்படிக்கையே சொல்கிறது: பக்கத்துக்குக் குறைந்தது 9 சென்டிமீட்டர் உள்ள சதுரம். எந்த நாட்டு அப்போஸ்டிலாக இருந்தாலும் தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். கீழே எண்ணிட்ட 10 வரிகள். எந்த நாடு, யார் கையெழுத்திட்டார், என்ன பதவியில், யாருடைய முத்திரை, எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரால் சான்றளிக்கப்பட்டது, வரிசை எண், முத்திரை, கையெழுத்து. அவ்வளவுதான். தலைப்பு தெரிந்த ஒன்று, பத்து வரிகளும் எல்லா நாட்டிலும் ஒரே வரிசை. அதனால் லிஸ்பனில் இருக்கும் எழுத்தருக்கும் சியோலில் இருக்கும் எழுத்தருக்கும் எந்த வரியில் என்ன இருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இந்தப் பத்து வரிகளில் எதுவுமே பத்திரத்தின் உள்ளடக்கம் பற்றிப் பேசவில்லை. 'அப்போஸ்டில் வாங்கியிருக்கிறோம், அரசாங்கமே எங்கள் கம்பெனிக்குச் சான்று கொடுத்திருக்கிறது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசாங்கம் சொன்னது, முந்தைய முத்திரை போலி இல்லை என்பதை மட்டும்.

ஒவ்வொரு அப்போஸ்டிலையும் வழங்கும் அலுவலகம் பதிவு செய்து வைக்க வேண்டும், யார் கேட்டாலும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் உடன்படிக்கையில் உண்டு. இந்திய ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைக் கொண்டு இணையத்தில் சரிபார்க்கலாம். வெளிநாட்டுக்காரர் பார்க்கும் முன் நாமே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எந்த நாட்டுக்கு எந்த வழி?

இங்கேதான் பணம் வீணாகிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா, பிரான்ஸ், இத்தாலி, சிங்கப்பூர் எல்லாம் அப்போஸ்டில் நாடுகள். இந்திய வெளியுறவு அமைச்சக ஸ்டிக்கர் ஒட்டியதும் வேலை முடிந்தது. அதற்கு மேல் எந்தத் தூதரக முத்திரையும் கேட்கக் கூடாது என்பதுதான் உடன்படிக்கையின் சாரம்.

வளைகுடா விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். எல்லாவற்றையும் 'கல்ஃப்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஓமனில் 2012 முதலும், பஹ்ரைனில் 2013 இறுதியிலிருந்தும், சவூதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 முதலும் அப்போஸ்டில் செல்லும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை இந்த வழிக்கு வரவில்லை. அவற்றுக்கு வெளியுறவு அமைச்சகச் சான்று, பிறகு அந்நாட்டுத் தூதரகச் சான்று, அங்கே போனதும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகச் சான்று என்று நீளும். பழைய பழக்கத்தில் சவூதிக்கும் தூதரக முத்திரைக்குச் சேர்த்துப் பணம் கேட்கும் ஏஜென்ட் இருந்தால், 'எதற்கு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கனடாவில் 2024 ஜனவரி 11 முதல் அப்போஸ்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மலேசியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள் அல்ல. ஆனால் இரண்டு நாடுகளுக்குமே சென்னையில் தூதரக அலுவலகம் இருப்பதால் தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கு அலைச்சல் குறைவு. இந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிட்டுத்தான் முதல் ரூபாயைச் செலவழிக்க வேண்டும்.

ஜெர்மனி என்றால் தனிக் கணக்கு

ஜெர்மனியும் உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. ஆனாலும் இந்திய அப்போஸ்டில் ஜெர்மனியில் செல்லாது. காரணம், இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. புதிதாகச் சேரும் நாட்டை ஏற்கெனவே இருக்கும் உறுப்பு நாடு இப்படி ஆட்சேபிக்க உடன்படிக்கையில் இடம் உண்டு. ஆட்சேபம் இருக்கும்வரை அந்த இரு நாடுகளுக்கிடையே அது செல்லுபடியாகாது. கோவை, ஓசூர் பக்கம் ஜெர்மன் இயந்திர நிறுவனங்களோடு வேலை செய்பவர்கள் பலருக்கு இது ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

இன்னொரு அடிப்படை வேறுபாடும் உண்டு. நம்மூர் நோட்டரி, கையெழுத்துக்குச் சாட்சி. ஜெர்மனியிலும் பிரான்சிலும் நோட்டரி என்பவர் ஒப்பந்தத்தையே வரைபவர்; இரு தரப்புக்கும் பொதுவான சட்ட அதிகாரி. ஜெர்மனியில் ஜி.எம்.பி.எச். வகை கம்பெனியின் பங்கைக் கைமாற்றுவதென்றால் நோட்டரி முன்னிலையில் பத்திரம் முழுவதையும் வாய்விட்டு வாசித்த பிறகே கையெழுத்து. அங்கிருந்து 'நோட்டரி பத்திரம் அனுப்புங்கள்' என்று கேட்பவர் மனத்தில் இருப்பது அந்த அதிகாரிதான். அதனால் ஜெர்மனிக்கு அனுப்பும் பவரை, சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்திலேயே நேரில் கையெழுத்திட்டுச் சான்று வாங்க முடியுமா என்று அந்நாட்டு நோட்டரியிடம் முதலில் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இனிஷியலில் மாட்டும் டைரக்டர்

தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கம்பெனிப் பதிவேட்டில் 'எஸ்.முருகன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பிரமணியன்'. பான் கார்டில் 'சுப்பிரமணியன் முருகன்'. இங்கே எல்லோருக்கும் அது ஒரே ஆள் என்று தெரியும். அமீரகத்திலோ ஸ்பெயினிலோ உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு அவர்கள் மூன்று பேர்.

இதற்குத் தீர்வு எளிது. போர்டு ரெசல்யூஷனிலும் பவரிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண்ணோடு எழுத வேண்டும். பதிவேட்டில் வேறு மாதிரி இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்தே அட்டெஸ்ட் செய்துவிட வேண்டும். ஊர்ப் பெயருக்கும் இதே கதி. திருப்பூருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'பி'யா, இரண்டா? தூத்துக்குடியா, டூட்டிகோரினா? ஒரு கட்டு பத்திரத்துக்குள் ஒரே எழுத்து முறை இருக்கட்டும்.

கம்பெனி அடையாள எண்ணான சி.ஐ.என். எழுத்துகளும் எண்களுமாக 21 இடங்கள் கொண்டது. தொழில் வகை, மாநிலம், பதிவான ஆண்டு, கம்பெனி வகை எல்லாம் அதற்குள் அடங்கும். சென்னைப் பதிவாளரிடம் பதிவான கம்பெனிக்கு மாநிலக் குறியீடு 'டி.என்.', கோவைப் பதிவாளரிடம் பதிவானால் 'டி.இசட்.'. கம்பெனி பிரைவேட்டிலிருந்து பப்ளிக் ஆனாலும், பதிவாளர் மாறினாலும் இந்த எண் மாறும். பழைய எண்ணில் ஒரு பத்திரமும் புதிய எண்ணில் ஒரு பத்திரமும் ஒரே கவரில் போனால் கேள்வி நிச்சயம். மாற்றத்துக்கான சான்றிதழையும் வரிசையில் சேர்த்துவிட வேண்டும்.

கம்பெனி சீல் இன்னொரு தலைவலி. 2015 திருத்தத்துக்குப் பிறகு பொது முத்திரை வைத்திருப்பது கட்டாயமில்லை. சீல் இல்லாத கம்பெனியில் இரண்டு டைரக்டர்கள், அல்லது ஒரு டைரக்டரும் கம்பெனி செக்ரட்டரியும் கையெழுத்திட்டால் போதும் என்கிறது கம்பெனிச் சட்டம். வெளிநாட்டுக்காரர் சீல் கேட்டால், இந்த விதியைச் சுட்டி ரெசல்யூஷனிலேயே ஒரு வரி எழுதிவிடுவது சண்டையைத் தவிர்க்கும்.

கட்டிய பத்திரத்தைப் பிரிக்கவே கூடாது. ஸ்கேன் எடுக்கிறேன் என்று ஸ்டேப்ளரைக் கழற்றி மறுபடி அடித்தால் இரட்டை ஓட்டை தெரியும். இடையில் தாள் மாற்றியதாகச் சந்தேகம் வரும். பல தாள் கொண்ட எம்.ஓ.ஏ.வில் பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சரக்குப் பேப்பர் வேறு, கம்பெனிப் பேப்பர் வேறு

உற்பத்தி நாட்டுச் சான்றிதழ், இன்வாய்ஸ் போன்ற சரக்குப் பேப்பர்களையும் பலர் இதே கட்டில் சேர்த்துவிடுகிறார்கள். வணிக, சுங்க நடவடிக்கைகளோடு நேரடியாகத் தொடர்புள்ள நிர்வாக ஆவணங்களுக்குத் தன்னுடைய விதிகள் பொருந்தாது என்று ஹேக் உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்கிறது. எனவே நாமக்கல் முட்டையோ கரூர் மேசை விரிப்போ போகும்போது கூடப்போகும் பேப்பருக்கு வழி தனி.

உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் இப்போது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளம் வழியாக வாங்கப்படுகிறது. அமீரகம் 2023 பிப்ரவரி முதல், 10,000 திர்ஹமும் அதற்கு மேலும் மதிப்புள்ள இறக்குமதி இன்வாய்ஸ்களைத் தன் வெளியுறவு அமைச்சகத்தில் இணையம் வழியாக அட்டெஸ்ட் செய்யச் சொல்கிறது. இன்வாய்ஸ் ஒன்றுக்குக் கட்டணம் 150 திர்ஹம். விதிவிலக்குகளும் உண்டு. அதை யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே பேசிவிடுவது நல்லது.

அங்கிருந்து இங்கே வரும்போது

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கம்பெனி தொடங்க வரும் ஜப்பானியரும் கொரியரும் இதே முத்திரைகளைத் தலைகீழாகக் கடந்து வருகிறார்கள். 2014-ஆம் ஆண்டு கம்பெனிப் பதிவு விதிகள் மூன்று வகை பிரிக்கின்றன. காமன்வெல்த் நாட்டில் இருந்து கையெழுத்திடுபவருக்கு அந்நாட்டு நோட்டரி போதும். ஹேக் உடன்படிக்கை நாட்டில் இருந்தால் நோட்டரியும் அப்போஸ்டிலும் வேண்டும். இரண்டிலும் சேராத நாடு என்றால் நோட்டரியோடு அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியின் சான்றும் வேண்டும்.

வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்தால் முத்திரைத் தீர்வையும் உண்டு. 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, இங்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் தீர்வை கட்ட வேண்டும். அலமாரியில் கிடந்து ஆறு மாதம் கழித்து எடுக்கப்படும் பவர்கள் அபராதத்தில் போய் முடிகின்றன.

50 ரூபாயும் பல ஆயிரமும்

ஒரு பத்திரத்துக்கு அப்போஸ்டில் போட வெளியுறவு அமைச்சகம் வாங்கும் கட்டணம் 50 ரூபாய். சேவை நிறுவனத்தின் கட்டணம் தனி. நோட்டரி, சேம்பர் கட்டணங்கள் தனி. தூதரகம் என்று வந்தால்தான் தொகை பெரிதாகும். வணிகப் பத்திரங்களுக்குச் சில தூதரகங்கள் தனிநபர் சான்றிதழைவிடப் பல மடங்கு வாங்குகின்றன. அப்போஸ்டில் நாட்டுக்கே பல ஆயிரம் ரூபாய் சொல்லும் ஏஜென்டிடம் பிரித்து எழுதிய பில் கேட்பது உங்கள் உரிமை.

ஏஜென்டே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏற்றுமதி ஆர்டரை முடிக்கும் நெருக்கடியில் யாரும் முத்திரைக்காக நிற்கப் போவதில்லை. ஆனால் 'ஒரிஜினல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும், ஆளும் வர வேண்டாம்' என்று சொல்பவரிடம் கம்பெனிப் பத்திரத்தைக் கொடுக்கக் கூடாது. சேம்பருக்குப் பதில் டெல்லியில் எஸ்.டி.எம். (துணைக் கோட்ட நடுவர்) வழியாக முடித்துத் தருகிறேன் என்பவரிடம், போகும் நாடு அதை ஏற்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். போலி முத்திரை வெளிநாட்டில் பிடிபட்டால் வழக்கில் நிற்பது ஏஜென்ட் அல்ல, கையெழுத்திட்ட டைரக்டர்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. முத்திரைகள் அத்தனையும் வாங்கிவிட்டதால் வெளிநாட்டில் பணம் போட அனுமதி கிடைத்ததாக அர்த்தமில்லை. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டுத் துணை நிறுவனத்தில் முதலீடு செய்ய வங்கி வழியாக ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண் வாங்கிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஆடிட்டரிடம் அதைத் தனியாகப் பேசுங்கள்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

* பத்திரத்தை வாங்கப்போகும் அலுவலகம் எது? வங்கியா, பதிவாளரா, நீதிமன்றமா? அவர்கள் கேட்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.
* அந்த நாடு அப்போஸ்டில் நாடா? இந்தியாவுக்கு எதிராக ஆட்சேபம் ஏதும் உண்டா?
* நகல் சான்றா, கையெழுத்துச் சான்றா? ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.
* எத்தனை மாதத்துக்குள் எடுத்த பத்திரம் வேண்டும்? சில நாடுகளில் பழைய தேதி போட்ட சான்றிதழ் செல்லாது.
* மொழிபெயர்ப்பு இங்கேயா, அங்கேயா? அமீரகத்தில் அந்நாட்டு நீதி அமைச்சகம் உரிமம் வழங்கிய மொழிபெயர்ப்பாளரிடம்தான் அரபியாக்கம் செய்ய வேண்டும். இங்கே செலவழித்துச் செய்தது அங்கே உதவாது.
* எத்தனை அசல் வேண்டும்? வங்கிக்கு ஒன்று, உரிமத்துக்கு ஒன்று என்றால் முதலிலேயே இரண்டு பிரதி போட்டுவிடுங்கள்.

மாற வேண்டியது

ஹேக் அமைப்பு மின்னணு அப்போஸ்டில் திட்டத்தைத் தொடங்கியது 2006-இல். நம் கம்பெனிப் பதிவுச் சான்றிதழே டிஜிட்டல் கையெழுத்தோடு மின்னஞ்சலில்தான் வருகிறது. அதை அச்செடுத்து, அச்செடுத்த தாளுக்கு நோட்டரி வாங்கி, நோட்டரிக்கு சேம்பர் வாங்கி, அதன் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். மின்னணுவாகப் பிறந்த பத்திரம் கடல் கடப்பதற்காகக் காகிதமாக மாற வேண்டியிருப்பது வேடிக்கை. கம்பெனிப் பதிவாளரின் டிஜிட்டல் சான்றிதழுக்கு நேரடியாக மின்னணு அப்போஸ்டில் கொடுத்தால், நடுவில் இரண்டு முத்திரைகள் தேவையற்றுப் போகும். பெரிய கம்பெனிக்கு இதைப் பார்க்கத் தனித் துறையே இருக்கிறது. பத்து தையல் மெஷின் வைத்துக்கொண்டு வெளிநாட்டைப் பார்க்கும் சிறு முதலாளிக்குத்தான் இந்த அலைச்சல் சுமை.

நோட்டரிகள் தரப்பிலும் ஒரு கடமை இருக்கிறது. ஆள் வராமல் முத்திரை விழும் பழக்கம் நிற்காதவரை, இந்தியப் பத்திரங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் நாடுகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு வெளியுறவு அமைச்சகத்தைவிட தம்புச் செட்டித் தெருவின் மாடி அறைகளுக்கே அதிகம்.

அதுவரை கம்பெனிக்காரர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நோட்டரியிடம் கிளம்புவதற்கு முன், பத்திரம் போய்ச் சேரும் மேசைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, என்ன வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். டைரக்டரை நோட்டரி முன்னால் நேரில் உட்கார வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இவை இரண்டையும் சரியாகச் செய்தாலே பாதித் தலைவலி குறையும்.